இரண்டாவது ரிமோட்



நாற்பத்தைந்து வயதான ஒரு குடும்பப் பெண், இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடுகிறாள் என்று கேள்விப்பட்டால் என்ன நினைப்பீர்கள்? "இவளுக்கு வேறு வேலை இல்லையா?" என்றுதானே? நானும் மற்றவர்களைப் பற்றி அப்படி நினைத்தவள்தான். இன்று அந்தப் பெண் நானாகவே இருக்கிறேன். அது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். படித்து முடித்த பின் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் கணவர் அச்சுவேலியில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். மின்விசிறி, மிக்ஸி, ரேடியோ பழுது பார்ப்பார். பழைய சாமான்களை எடை போட்டும் வாங்குவார். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் வந்தால் புத்தூர், அவரங்கால் தாண்டி எங்கள் ஊர். இன்னும் கொஞ்சம் போனால் வல்லை வெளி. செம்மண் தோட்டங்களும் வெங்காயப் பாத்திகளும் உள்ள பூமி. கடைக்குப் பின்னாலேயே வீடு. எங்கள் ஒழுங்கையில் முஸ்லிம் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். ஆனாலும் ஒருநாள்கூட அந்நியமாக உணர்ந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கிணற்றில்தான் கோடையில் தண்ணீர் அள்ளுகிறோம்.

அந்த அக்காவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்துவிட்டார். ஆண் பிள்ளைகள் இருவரும் கனடாவில். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், வீட்டைத் துப்புரவு செய்தபோது கிடைத்தது என்று ஓர் உரைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, உது பெடியளின்ரை பழைய சாமான். எறிய மனம் வரேல்லை. இவரிட்டைக் குடுத்து நிறுத்துப் பாருங்கோ" என்றார்.

பையைக் கொட்டினால், துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டி, ஒடிந்த மேசை விளக்கு, அவற்றுக்கடியில் ஒரு டீவி கேம்! மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் பெட்டி, வயரில் தொங்கும் இரண்டு ரிமோட்டுகள், ஒரு விளையாட்டுத் துப்பாக்கி, "9999 விளையாட்டுகள்" என்று ஒட்டிய ஒரு கசெட்.

என் கணவர் வயரின் செம்பை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வீசலாம் என்று குறடைக் கையில் எடுத்தார். நான் "கொஞ்சம் பொறுங்கள்" என்று இரண்டாவது ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் நடுவில் பொத்தான்கள் இல்லை. முப்பது வருடங்களுக்குப் பிறகும் என் விரல் அந்த வெற்றிடத்தை அடையாளம் கண்டுகொண்டது.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

நான் பிறந்தது யாழ்ப்பாண நகரத்தில், சோனகத் தெருப் பக்கம். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து எங்களை ஊரை விட்டு வெளியேற்றினார்கள். அந்த மாதம் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் அதிகம். எங்கள் குடும்பம் புத்தளத்தில் ஒரு கிடுகுக் குடிசையில் ஒதுங்கியது. வாப்பா பழைய இரும்பு வியாபாரத்தை மறுபடி தொடங்கினார். உம்மா இடியப்பம் அவித்து விற்றா. எனக்கு இரண்டு வயது இளையவன் என் தம்பி.

புத்தளம் டவுணில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் ஒரு கடை திறந்தார். நான்கு டீவி, நான்கு கேம் பெட்டி. அரை மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். எங்கள் குடிசையில் மின்சாரமே இல்லாத காலம். தம்பிக்கு அந்தக் கடை சொர்க்கம். பின்னேரம் ஓதப் போகிறேன் என்று புறப்படுகிறவன் அங்கே போய் நிற்பான். அவனைக் கூட்டி வர உம்மா என்னை அனுப்புவா. பெண் பிள்ளை உள்ளே போகக் கூடாது. ஆகவே வாசலில் நிற்பேன். "இந்த உயிர் போனதும் வாறேன்" என்பான். அந்த உயிர் லேசில் போகாது. நானும் நிற்பேன்.

இப்படி நின்று நின்றே எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். சூப்பர் மரியோவில் எந்தச் செங்கல்லுக்குள் காளான் இருக்கிறது, எந்தக் குழாயில் இறங்கினால் காசு கிடைக்கும், இரண்டாவது ஆட்டத்தில் கூரைக்கு மேலே ஏறி ஓடினால் எங்கே போய்ச் சேரலாம், எல்லாம் எனக்கு மனப்பாடம். கொன்ட்ரா என்ற ஆட்டத்தில் முப்பது உயிர் பெறுவதற்கு ஓர் இரகசிய வழி உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பிறகு பி, ஏ. பையன்கள் அதை மந்திரம்போல் சொல்வார்கள். நான் அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

ஒரேயொரு நாள் நான் உள்ளே போனேன். எனக்குப் பதினைந்து வயது. நல்ல மழை. கடையில் தம்பியைத் தவிர யாரும் இல்லை. கடைக்காரரும் எங்கோ போயிருந்தார். "ராத்தா, நனையாம உள்ளுக்கு வா. நீயும் விளையாடு" என்று இரண்டாவது ரிமோட்டை என் கையில் தந்தான். நடுவில் பொத்தான்களே இல்லாத ரிமோட். "இதில தொடங்க ஏலாதா?" என்று கேட்டேன். "ஒண்டாவதிலதான் தொடங்க ஏலும். நீ சும்மா பிடி" என்றான்.

கொன்ட்ரா ஆட்டத்தின் மூன்றாம் கட்டம் ஒரு நீர்வீழ்ச்சி. பாறைக்குப் பாறை தாவி இருவரும் மேலே ஏற வேண்டும். முன்னால் ஏறுகிறவர் போகப் போகத் திரையும் மேலே போகும். பின்தங்கியவர் திரையின் கீழ் விளிம்பில் அகப்பட்டுச் செத்துப்போவார். எதிரி சுட வேண்டியதில்லை. கூட வந்தவர் அவசரப்பட்டாலே போதும். தம்பி கெட்டிக்காரன், மளமளவென்று ஏறினான். நான் கீழேயே மூன்று தடவை செத்தேன். அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். "பொம்பிளைப் பிள்ளையள் இதுக்குள்ள வரப்படாது" என்றார். ரிமோட்டை வைத்துவிட்டு மழைக்குள் நடந்தேன். என் வாழ்நாளில் அந்த விளையாட்டைத் தொட்டது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்குமா?

அடுத்த வருடம் நான் ஓ.எல். பரீட்சை எழுதினேன். நல்ல பெறுபேறுதான். ஆனால் இரண்டு பேரைப் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. தம்பி டியூஷனுக்குப் போனான். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். இதில் யாரையும் நான் குறை சொன்னதில்லை. அந்த நாளில் எத்தனையோ வீடுகளில் இதுதானே நடந்தது? ஆனால் இரவில் மெஷினை மிதிக்கும்போது சில வேளை அந்த நீர்வீழ்ச்சி ஞாபகத்துக்கு வரும்.

சரி, அச்சுவேலிக்குத் திரும்புவோம்.

அந்த ரிமோட்டில் ஏன் தொடங்கும் பொத்தான் இல்லை என்பதை அண்மையில்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் தாய் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பனி 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற பெட்டி. அதன் இரண்டாவது ரிமோட்டில் தொடங்கும் பொத்தானும் தெரிவுப் பொத்தானும் கிடையாது. அவற்றுக்குப் பதிலாகப் பேசுவதற்கு ஒரு சிறு மைக் வைத்திருந்தார்கள். தாய்வானிலும் சீனாவிலும் அந்தப் பெட்டியை நகல் எடுத்தவர்கள் பொத்தான் இல்லாததை அப்படியே நகலெடுத்தார்கள். மைக்கைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆக இரண்டாவது ஆளுக்கு ஆட்டத்தைத் தொடங்கவும் முடியாது, நடுவில் நிறுத்தவும் முடியாது, ஒரு வார்த்தை பேசவும் முடியாது!

என் கணவர் பெட்டியைத் திறந்து தூசி தட்டினார். கசெட்டின் செம்புப் பற்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். அந்த நாளில் பையன்கள் கசெட்டை வாயால் "பூ" என்று ஊதிச் செருகுவார்கள். அது தவறாம். எச்சில் ஈரம் பட்டுப் பட்டுச் செம்பு கறுத்துவிடும். ஊதியதால் வேலை செய்தது என்று நாம் நினைத்தது, கழற்றி மறுபடி செருகியதால் வேலை செய்ததுதான். கடையில் மூலையில் கிடந்த ஒரு பழைய பெட்டி டீவியைத் தூசி தட்டி இணைத்தார். திரையில் அந்த நீல வானம் தோன்றியது. இசை எழுந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

கூச்சத்தோடு முதலாவது ரிமோட்டை எடுத்தேன். தொடங்கும் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் தெரிந்தவள் அல்லவா நான்? மரியோ நாலடி நடந்தான். எதிரே காளான் தலையோடு ஒரு பூச்சி வந்தது. குதிக்க வேண்டும் என்று தெரியும். குதிக்கவில்லை. செத்துப்போனான். மறுபடியும் அதே பூச்சி. மறுபடியும் சாவு. பக்கத்தில் இருந்த என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கண் பார்த்ததைக் கை செய்யும் என்பார்கள். அது எப்போதும் உண்மையில்லை, சகோதரிகளே. கண் எவ்வளவு பார்த்திருந்தாலும், கைக்குக் கொடுக்க வேண்டியதைக் கைக்குத்தான் கொடுக்க வேண்டும். சமையலை வாசலில் நின்று பார்த்தவள் சோறு வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொள்கிறாள் அல்லவா? அதேதான் இதுவும்.

அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அரை மணி நேரம். அந்தக் கடையில் விற்ற அதே அரை மணி! சூப்பர் மரியோவில் எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு ஆட்டம், மொத்தம் 32. சேமித்து வைக்கும் வசதி கிடையாது. உயிர்கள் தீர்ந்தால் முதலிலிருந்து. "ஸேவ் பண்ண ஏலாதா உம்மா?" என்று மகள் வியந்தாள். ஏலாது. ஆகவே பெட்டியை அணைக்காமல், ஆட்டத்தை நிறுத்திவைத்து, டீவிக்கு மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு மறுநாள் தொடர்ந்ததும் உண்டு. ஒருநாள் மின்சாரம் போய் எல்லாம் போயிற்று. இரகசிய வழியால் குறுக்கே போயிருந்தால் எப்போதோ முடித்திருப்பேன். ஆனால் வாசலில் நின்றபோது தம்பி எப்போதும் குறுக்கு வழியில்தான் போவான். நடு உலகங்களை நான் பார்த்ததே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் நடந்தே கடந்தேன். 32 ஆட்டத்தையும் முடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

மறுபடி பார்க்கும்போது எத்தனை புதிய விஷயங்கள்! வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் செடியும் ஒரே படம்தான். நிறம் மட்டும் வேறு. இடம் மிச்சம் பிடிப்பதற்காக அப்படிச் செய்தார்களாம். 1985 இல் ஷிகேரு மியாமோட்டோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த அந்த முழு ஆட்டமும் அடங்கியிருப்பது 40 கிலோபைட்டில். இன்று கைப்பேசியில் நீங்கள் அனுப்பும் ஒரு பெருநாள் வாழ்த்துப் படம் அதைவிடப் பெரியது. முதல் ஆட்டம் ஒரு நல்ல ஆசிரியையைப் போன்றது. ஒரு சொல்கூட எழுதாமல் நடக்க, குதிக்க, பயப்பட, துணிய எல்லாம் கற்றுத் தருகிறது. வாசலில் தூர நின்றவளுக்கு இதெல்லாம் தெரியவில்லை. பாயில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. இவற்றைப் பழைய விளையாட்டு என்கிறோம். யாருக்குப் பழையது? பக்கத்து வீட்டு அக்காவிடம் இதை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். 1990 இலிருந்து வருடக்கணக்காக இங்கே மின்சாரம் இல்லை. பற்றறிகூடக் கொண்டுவரத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். பழைய பற்றறியை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்களாம். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அக்காவும் கைக்குழந்தையோடு தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம்தான் திரும்பியிருக்கிறார். 2002 இல் ஏ-9 பாதை திறந்த பிறகு, அவருடைய கணவர் கொழும்புக்குப் போய் வந்தபோது பிள்ளைகளுக்காக இதை வாங்கி வந்தாராம். ஜப்பானில் பதினேழு வருடம் பழையதாகிவிட்ட விளையாட்டு அச்சுவேலியில் அன்றைக்குப் புத்தம் புதிது! எங்களை 1990 ஒக்டோபரில் துரத்தினார்கள். அவர்கள் 1995 ஒக்டோபரில் ஓடினார்கள். இரண்டு பேரும் ஒரே திண்ணையில் இருந்து அதைப் பேசும் நாள் வரும் என்று அன்று யார் நினைத்தோம்?

"நீங்கள் ஒருநாளும் விளையாடவில்லையா அக்கா?" என்று கேட்டேன். "நானோ? 'அம்மா, அஞ்சு நிமிசம்' எண்டு கத்துவாங்கள். அந்தச் சத்தம்தான் எனக்குத் தெரியும்" என்றார். அன்று மாலை அவரையும் பாயில் உட்கார வைத்தேன்.

முதலில் வாத்துச் சுடும் ஆட்டம். அக்காவின் வீட்டுப் புதிய தட்டை டீவியில் போட்டால் ஒரு வாத்தும் விழவில்லை. எங்கள் பெட்டி டீவியில் விழுந்தது. காரணத்தை என் கணவர் விளக்கினார். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்துவிடும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னும். குழலுக்குள் இருக்கும் சிறு கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். தட்டை டீவி படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் துப்பாக்கி இருட்டைத்தான் காண்கிறது. இருந்தாலும் அக்காவுக்கு அந்த ஆட்டமும் பிடிக்கவில்லை, கொன்ட்ராவும் பிடிக்கவில்லை. "உந்த வெடிச் சத்தம் வேண்டாம் தங்கச்சி. கேட்டது போதும்" என்றார். நான் சத்தத்தை அணைத்துவிட்டு மரியோவைப் போட்டேன். அதை அவர் விடவே இல்லை.

உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். இது வீண் பொழுதுபோக்கு அல்லவா? என் மாமியும் அதைத்தான் கேட்டார். "பிள்ளையள் கெட்டுப் போகும் எண்டு நாங்க ஏசுற சாமான் இது. நீ போய் அதுக்கு முன்னால இருக்கிறா" என்றார். நியாயமான கேள்வி. என் குறையையும் மறைக்கவில்லை. ஒருநாள் கடைசி உலகத்தில் நின்றேன். மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ மனக்கஷ்டத்தைச் சொல்ல வந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "அஞ்சு நிமிஷம் இரு" என்றேன். திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டாள். அன்றிரவு சொல்லவேயில்லை. மறுநாள் தலை வாரிவிட்டுக் கெஞ்சிக் கேட்டுத்தான் அறிந்தேன். அன்றிலிருந்து மேசை மணிக்கூட்டில் அரை மணி வைக்கிறேன். யார் கூப்பிட்டாலும் முதலில் நிறுத்தும் பொத்தான். அந்தப் பொத்தான் என் கையில் இருக்கும்போது, "நிறுத்த முடியவில்லை" என்று நான் சொல்லக் கூடாது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். இந்தப் பழைய விளையாட்டுகளுக்கு ஒரு முடிவு உண்டு. தோற்றால் தோல்வி, வென்றால் வெற்றி, பிறகு திரையில் நன்றி சொல்லி அனுப்பிவிடும். கைப்பேசியில் பிள்ளைகள் விளையாடும் பலவற்றுக்கு முடிவே இல்லை. நாளைக்கும் வா என்று ஆசை காட்டும். உயிர் வேண்டுமானால் காசு கொடு என்று கேட்கும். நடுவில் விளம்பரம் காட்டும். எங்கள் பெட்டி ஒரு சதம் கேட்டதில்லை. அந்த இரகசிய முப்பது உயிரும் இலவசம்தான். அதைக் கண்டுபிடித்தவர் 2020 இல் காலமான கசுஹிசா ஹஷிமோட்டோ. கிரேடியஸ் என்ற ஆட்டத்தை 1986 இல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க அது அவருக்கே கடினமாக இருந்ததாம். தனக்காகப் போட்டுக்கொண்ட குறுக்கு வழி அது. ஆட்டத்தைச் செய்தவரே தடுமாறினார் என்றால் நாம் தடுமாறுவதில் என்ன வெட்கம்?

இவற்றின் மதிப்பும் விசித்திரமானது. 2021 இல் அமெரிக்காவில் உறை பிரிக்காத ஒரு சூப்பர் மரியோ கசெட் 20 இலட்சம் டொலருக்கு விலை போயிற்று. எங்களுடையதோ பழைய இரும்போடு எடைக்கு வந்தது. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023 இல் ஓர் ஆய்வு சொன்னது. அலுமாரிகளில் தூங்கும் இப்படிப்பட்ட பெட்டிகள்தாம் மிச்சம்.

போன வருடம் தம்பி கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தான். டியூஷன் படித்தும் பரீட்சையில் எதிர்பார்த்தது கிடைக்காமல், இருபது வயதில் சாரதியாகப் போனவன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாதம் வருவான். தாடி நரைத்துவிட்டது. டீவி கேமைக் கண்டதும் பன்னிரண்டு வயதுப் பையனாகிவிட்டான். பழக்கத்தில் முதலாவது ரிமோட்டைத் தானே எடுத்தான். கொன்ட்ராவைப் போட்டான்.

"முப்பது உயிர் எடுக்கிற வழி மறந்துபோச்சு ராத்தா" என்றான்.

"மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ" என்றேன்.

என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்கியது. "பாலம் வெடிக்கும், ஓடு" என்றேன். வெடித்தது. "மேலே ஒளிஞ்சிருந்து ஒருத்தன் சுடுவான், படு" என்றேன். சுட்டான். "உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?" என்றான். "வாசலில் நின்றவளுக்குத் தெரியாதா?" என்றேன்.

மூன்றாம் கட்டம் வந்தது. நீர்வீழ்ச்சி. அவன் இரண்டு பாறை தாவி நின்றுவிட்டான். மேலிருந்து கற்கள் உருண்டு வந்தன. விலகினான், ஆனால் ஏறவில்லை. "ஏன் நிற்கிறாய்? போ" என்றேன். "நீ வா ராத்தா. நான் போனா நீ செத்துப்போவா" என்றான். நான் ஒவ்வொரு பாறையாக ஏறி அவன் பக்கத்தில் போய் நின்றேன். பிறகுதான் அடுத்த பாறைக்குத் தாவினான். நின்று நின்று உச்சி மட்டும் அப்படியே போனோம். அவனுடைய உயிர்களில் ஒன்பதோ பத்தோ அந்தக் காத்திருப்பிலேயே போயின.

"அண்டைக்கு நான் திரும்பிப் பார்க்கல்ல" என்றான். எதைச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை. மழை நாளைச் சொன்னானோ, வேறு எதைச் சொன்னானோ? இருபத்து மூன்று வருடமாகப் பாலைவன வெயிலில் தனியே வண்டி ஓட்டுகிறவன். பிள்ளைகள் வளர்வதைக் கைப்பேசியில் பார்க்கிறவன். இத்தனை வருடமும் அவன் மேலே, நான் கீழே என்று நினைத்திருந்தேன். முதலில் உச்சிக்குப் போகிறவன் அங்கே தனியாக நிற்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது ஆட்டத்தை நிறுத்திவைத்து, முதலாவது ரிமோட்டை என் இடத்தில் வைத்துவிட்டு, பொத்தானில்லாத ரிமோட்டைக் கையில் பிடித்தபடி இருந்தான். பாதிக் கிண்ணம் தேநீர் குடித்து முடியும் வரை அதை நான் தொடங்கவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டேன்!

சகோதரிகளே, எல்லோரும் டீவி கேம் விளையாடுங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் அலுமாரியிலோ பரணிலோ இப்படி ஒரு பெட்டி கிடந்தால், எறியுமுன் ஒரு தடவை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். வாயால் ஊத வேண்டாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் விளையாடினால், முதலாவது ரிமோட் எப்போதும் யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். பெண் பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே கூப்பிடுங்கள். அவள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் நிற்கிறாள்.

தம்பி திரும்பிப் போய்விட்டான். அடுத்த விடுமுறைக்கு, இன்ஷா அல்லாஹ், எட்டுக் கட்டத்தையும் முடிப்போம் என்று சொல்லியிருக்கிறான். இப்போது என்னோடு விளையாட வருவது பக்கத்து வீட்டு அக்காதான். ஏழாவது உலகம் வரை வந்துவிட்டார். கனடாவில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு நம்பவே இல்லையாம். நேற்றிரவு ஒழுங்கையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்:

"தங்கச்சி, இண்டைக்கு முதலாவது என்ரை. நேற்று நீங்கள்தானே பிடிச்சனீங்கள்!"